சட்டைப் பையில் இருந்த மூடி

வாடகைக் கார் ஓட்டும் அந்த மனிதருக்கு ஸ்டாண்டில் வைத்த பெயர் 'பம்பு'. டிக்கியில் காற்றடிக்கும் பம்பு இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். மெக்கானிக்கிடம் காரை விடுவதென்றால் பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். பதினோரு வருடமாக பிரேக்கிலிருந்து பெல்ட் வரை எல்லாம் அவர் கைதான். அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

கார் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் மதியம் பாதி இருக்காது. சூடு காட்டும் முள் உச்சியில் நிற்கும். இரண்டு சவாரி நடுவழியில் புகைந்து நின்றது. தினமும் இவர் வண்டியிலேயே வேலைக்குப் போய்வந்த டீச்சர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். கார் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். ஸ்டீயரிங் பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

"ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"அவன் எட்டிப் பாக்கும்போதே இன்ஜினப் பிரிக்கணும்பான். நானே பாத்துக்கறேன்."

பார்த்தார். பழைய இரும்புக் கடையில் அதே அளவு ரேடியேட்டர் மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு, டயர் வால்வு ஒன்றை அதில் இறுக்கமாக இழுத்து மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் ஆறிக் கிடந்தபோது, தண்ணீரை வாய்வரை நிரப்பினார். காரின் சொந்த மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓட்டை போட்ட மூடியைத் திருகி, மீட்டர் வைத்த பம்பை வால்வில் மாட்டினார். மூடியில் அது தாங்கும் அழுத்தம் பதிமூன்று பவுண்டு என்று போட்டிருந்தது; முள் பதிமூன்றைத் தொட்டதும் நிறுத்தினார். முள் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகல் பார்க்கவென்று கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற கருவியும் இதற்கு மேல் ஒன்றும் செய்துவிடாது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். முள் அசையவில்லை. குழாய், இன்ஜினின் தண்ணீர் பம்பு, காருக்குள் விரிப்பு எதைத் தொட்டாலும் ஈரமில்லை.

சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு வியர்த்துவிட்டது. வெளியே ஒழுகாத தண்ணீர் இன்ஜினுக்குள்தானே போயாக வேண்டும்? சூடானால்தான் உள்ளே உறிஞ்சும் போலிருக்கிறது என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த மூடியைத் துடைத்து மறுபடி மாட்டினார்.

இன்ஜினைப் பிரிக்க வசதியில்லை. மனைவியின் தம்பி வந்தான். "பழைய இரும்புக்குப் போடறத எனக்குக் குடுங்க மாமா" என்றான். இரும்பு விலைக்கே கொடுத்தார்.

வாங்கிய வாரமே அவன் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்திருக்கிறான். அடி ரப்பர் வெடித்திருந்தது. ஸ்பிரிங் சுண்டுவிரலுக்கே அமுங்கியது. கார் சூடேறும்போதெல்லாம் தண்ணீர் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு பக்கக் குழாய் வழியாக ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. புது மூடி போட்டான். அதற்கப்புறம் முள் பாதியைத் தாண்டவில்லை.

எழவு, அந்தப் பம்பு பொய்யே சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்ததைத் தவிர எல்லாவற்றையும் சோதித்தார். பதிமூன்று பவுண்டைக் கால் மணி நேரம் தாங்கிய இரும்புக் கடை மூடி நல்ல மூடியாகத்தானே இருக்க வேண்டும்? நல்லதில் ஓட்டை போட்டுவிட்டு, செத்ததைத் துடைத்து மாட்டியிருக்கிறார். விஷயம் அவர் காதுக்கும் வந்தது. யாரைத் திட்டுவது?

மைத்துனன் வீட்டுக்கு வந்தான். "தப்பா நினைக்காதீங்க மாமா. வண்டிய நீங்களே ஓட்டுங்க, மாசச் சம்பளம் தர்றேன்."

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "போங்க. வேற என்ன பண்ணப்போறீங்க" என்றாள்.

முதல் நாள் காலை மைத்துனன் வீட்டு வாசலில் சாவியை வாங்கிக்கொண்டார். பழக்கதோஷம், பானட்டைத் தூக்கினார். புது மூடி பளபளவென்று இருந்தது. கை தானாக அதன் பக்கம் போனது.

"மாமா," என்றான் அவன் ஜன்னலிலிருந்து, "தண்ணி நான் பாத்துட்டேன். நீங்க அதுல கை வைக்காதீங்க."

பானட்டை மெதுவாக இறக்கிவிட்டு, துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.