3ஏ வீடு

வேறு வேலையே இல்லையா உங்களுக்கு? லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாருக்கும் ஆயர் குரோவில் வீடு கிடைத்தது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? சாவி வாங்கித் தரப் போகிறீர்களா? சரி, உட்காருங்கள்.

புலாவ் செபாங் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். லயத்துக் குடும்பங்களுக்கு மாற்று வீடு தருவதாகப் பேச்சு. அந்த லயத்தைக் கட்டிய சீனருக்கு நாலு ஆகாது, சாவைக் கூப்பிடும் எண்ணாம். அதனால் மூன்றாம் வீட்டுக்கு அடுத்த எங்கள் கதவில் 3ஏ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

என் மகள் எஸ்டேட் ஆபிசில் கிராணி, குமாஸ்தா வேலை. கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதுகிறவள் அவள்தான். ஒரு நாள் அடுப்படியில் எனக்கு விளக்கினாள்.

"உங்க டப்பா மாதிரிதாம்மா. இது எண் போடுற டப்பா, வேற எதுவும் உள்ள நிக்காது. அப்புறம், இப்படி இருந்தா இதைச் செய், இல்லாட்டி அதைச் செய்னு சொல்லிடணும்."

"என் மல்லித்தூள் டப்பாவுல பல்லி நின்னுச்சே?"

"போங்கம்மா!"

அப்பனும் மகனும் ஒரே வீட்டைக் காட்டி இரண்டு சாவி வாங்கிவிடுவார்கள் என்று மானேஜருக்குப் பயம். அதனால், ஒரே வீட்டு எண் மறுபடி வந்தால் தள்ளிவிடு என்று எழுதினாள். வீட்டு எண்ணுக்கு எண் டப்பா. 3ஏ உள்ளே போனதும் டப்பா எழுத்தை உதறிவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது. மூன்று ஏற்கெனவே இருந்தது. எங்களைத் தள்ளிவிட்டது. ஒரு சத்தம் இல்லை.

சாவி கொடுத்த அன்றுதான் தெரிந்தது. எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, மேசையையும் மடக்கிவிட்டார்கள். மகள் மானேஜரிடம் ஓடினாள்.

"கட்டுன வீடெல்லாம் குடுத்தாச்சுலா. இப்ப யாரை வெளிய போகச் சொல்றது?" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் சோற்றைத் தொடவில்லை.

"நான் சொன்னதைத்தாம்மா அது செஞ்சுச்சு."

"நான் பெத்தது எதுவும் இப்படிச் சொன்ன பேச்சு கேட்டதில்லையேடி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.  மறுவாரமே லயத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். மற்றவர்களெல்லாம் சாமான் கட்டிக்கொண்டிருக்க, போக ஓர் இடமில்லாமல் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் வீட்டுக்காரர்கள் லோரியில் கட்டிலை ஏற்றிக்கொண்டே, "நீங்க எப்ப வர்றீங்கக்கா?" என்று கேட்டார்கள்.

"உங்க வீடும் எங்க வீடும் ஒண்ணுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சுலா," என்றேன். "போயி உலை வைங்க, வந்துர்றோம்."