படுத்துக்கொண்டே ஓடிய பஸ்

கம்பத்திலிருந்து வரும் காலை பஸ் எங்கள் அனுமந்தன்பட்டியில் ஆளை இறக்கிவிட்ட மறுநிமிடம் புறப்பட்டுவிடும். போன வாரம் ஒருநாள் கண்டக்டரும் கூடவே இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார். "சார், உங்க சவரியப்பன் சார் விடியக்காலம் போயிட்டாக. மூச்சிழுப்புத்தான். சாயங்காலம் எடுக்கிறாக" என்று சொல்லிவிட்டுப் போய் விசில் ஊதினார். நான் அழவில்லை. டீ ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் அவரைப்பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? என்னோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், நாற்காலியை விட்டு எழாமலே பாடம் நடத்தியவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கும் "முடியலை" என்பதுதான் பதில். பிள்ளைகள் அவருக்கு 'முடியலை வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது அவருக்கும் தெரியும். அதைக் கண்டிக்கவும் அவரால் முடியவில்லை. ஆனால் அந்த முடியாத மனிதர் யுத்தகாலத்தில் ஒரு மார்கழியில் என் வீட்டில் என்ன செய்தார் என்பது உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த வருடம் ஐப்பசியில்தான் என் மனைவி காய்ச்சலில் போனாள். மகள் காமாட்சிக்கு அப்போது நாலரை வயது. பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவேன். கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பகல் முழுக்க வீட்டில் அவளும் நானும்தான். "விளையாட வாப்பா" என்று வேட்டியைப் பிடித்து இழுப்பாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சோறு பொங்கி அவளுக்குத் தலைவாரிவிடுவதற்குள் என் சத்தெல்லாம் தீர்ந்துபோகும். தேவதானப்பட்டியிலிருக்கும் என் அக்காவுக்குக் கடிதம் போட்டேன், பிள்ளையை நீயே கொண்டுபோய் வளர்த்துக்கொள் என்று. தைப் பொங்கல் கழித்து வருவதாக அவளும் பதில் எழுதிவிட்டாள். பொங்கல் வரைக்கும் நாளைத் தள்ளினால் போதும் என்றிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சவரியப்பன் அச்சுமுறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். காதைச் சுற்றித் துண்டு, மேலே கம்பளி. மேற்கு மலையிலிருந்து பனி இறங்கினால் அவருக்கு இழுப்பு வந்துவிடும். காமாட்சி அவரையும் விளையாடக் கூப்பிட்டாள். "மாமாவுக்கு முடியலை ஆத்தா. படுத்துக்கிட்டு விளையாடுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் பாயில் மல்லாந்துவிட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவரே யோசித்து, வயிற்றின்மேல் கம்பளியைக் குவித்து மலையாக்கினார். புளியங்கொட்டைகள் ஆடுகள். அவள் ஒவ்வொன்றாக மலையில் ஏற்றி மேயவிட வேண்டும். அவர் மூச்சை இழுத்து விட்டால் ஆடெல்லாம் உருண்டு விழும். நாலாவது தடவை விழுந்தபோது காமாட்சி சிரித்தாள். அவள் தாய் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இல்லை. அந்தச் சிரிப்பை நான் வரவழைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

அதன்பிறகு லீவு நாளெல்லாம் வந்தார். வந்ததும் படுப்பார். ஒருநாள் நோயாளி, ஒருநாள் தூங்கும் ராட்சசன், ஒருநாள் வரப்பில் போட்ட பனங்கட்டை. காலையில் பனிக்குள் வாயைத் திறந்தால் புகை வருமே, அதை வைத்துத்தான் பஸ் விளையாட்டு பிறந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. வண்டிக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு கரியடுப்பு இருக்கும். கிளீனர் சக்கரத்தைச் சுற்றிக் காற்றடித்துச் சூடேற்றினால்தான் வண்டி கிளம்பும். கிளம்பினாலும் மேட்டில் நின்றுபோகும். சவரியப்பன் முற்றத்து வெயிலில் பாயைப் போட்டுப் படுத்து வாயால் புகை விடுவார், அவர்தான் பஸ். தலைமாடு எஞ்சின், கால்மாடு கரியடுப்பு. காமாட்சி காலடியில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிற வேண்டும். "ஓடுற வண்டின்னா நமக்குக் கஷ்டம் சார். நிக்கிற வண்டிதான் தோது" என்று என்னையும் பக்கத்தில் படுக்கவைத்தார். நான் பிரயாணி. உத்தமபாளையத்தில் ஏறுவேன். அனுமந்தன்பட்டி மேட்டில் வண்டி நின்றுபோகும். புதுப்பட்டியில் மறுபடி நிற்கும். ஒருநாளும் நாங்கள் கம்பம் போய்ச் சேர்ந்ததில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள். துக்க வீடு, எங்களுக்குப் பொங்கல் கிடையாது. பக்கத்து வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்குமுன் ஒட்டடை தட்டிக்கொண்டிருந்தார்கள். பனியும் தூசியுமாக இருந்தது. நான் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பஸ் இரைவது கேட்டது. இன்றைக்குச் சவரியப்பன் நன்றாகச் செய்கிறாரே என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. "கம்பம் போகணும், கம்பம் போகணும்" என்று காமாட்சி விசிறுகிற சத்தமும் கேட்டது. அரிசியைக் களைந்து போட்டுவிட்டு மெதுவாகத்தான் வெளியே வந்தேன். அவர் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. கை பாயைப் பிறாண்டியது. அவள் விடாமல் காலுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

தூக்கி உட்காரவைத்து முதுகைத் தடவினேன். சுக்கு வெந்நீர் கொடுத்தேன். மூச்சு ஒரு வழிக்கு வர அரைமணி நேரம் ஆனது. பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூப்பிடாமல் விளையாடிக்கொண்டா இருந்தாய் என்று காமாட்சியை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேச வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவளைப் பார்த்து, "வண்டி கெளம்பிருச்சு ஆத்தா. நல்லா விசிறுன" என்றார்.

அப்போதுதான் உடைந்துபோய் அவரிடம் சொன்னேன், என்னால் இவளை வளர்க்க ஏலாது, பொங்கல் கழித்து அக்கா வந்து கூட்டிப்போகிறாள் என்று. அவர் மூச்சுக்கு நடுவே விட்டுவிட்டுச் சொன்னார்: "முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க சார். நான் தெனமும் சொல்றேன்ல. சொல்லிக்கிட்டே அவ பக்கத்துல படுத்துக்கெடங்க. எந்திரிச்சு மட்டும் போயிராதீக. புள்ளைக்கு அம்புட்டுப் போதும்."

பொங்கலுக்கு மூன்றாம் நாள் அக்கா வந்தாள். பிள்ளைக்குப் பாவாடை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். நான் முற்றத்தில் மல்லாந்து படுத்து வாயால் இரைந்துகொண்டிருந்தேன். காமாட்சி என் காலடியில் விசிறியோடு உட்கார்ந்து, "அத்தை, ஏறுங்க. எடம் இருக்கு" என்றாள். அக்காவுக்கு என் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சந்தேகம். இரண்டு நாள் இருந்து பார்த்தாள். பாவாடையைப் பிள்ளைக்குக் கட்டிவிட்டு, தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினாள்.

சவரியப்பன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கம்பத்தில் தம்பி மகன் வீட்டோடு போய் இருந்தார். சேதி வந்த அன்று காமாட்சியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது பெட்ரோல் வண்டி, எந்த மேட்டிலும் நிற்கவில்லை. அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பெண் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தாள். காமாட்சிக்கு இப்போது பதினொரு வயது. உள்ளே போனவள் அந்த விசிறியை வாங்கிக்கொண்டு அவர் காலடியில் போய் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். "ஆத்தா, மொகத்துப் பக்கம் வீசு" என்றார்கள் இரண்டு பேர். அவள் நகரவில்லை. பெட்டியில் வைக்கிறவரை காலுக்கே விசிறினாள். என்ன பிள்ளை இது என்று சிலர் முணுமுணுத்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவருடைய ஜெபமாலையைத் தம்பி மகன் எடுத்துக்கொண்டார். கணக்குப் புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஒரே ஒரு சொல். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்துப் பாயில் சாய்ந்தேன். காமாட்சி வந்து பக்கத்தில் படுத்தாள்.

"முடியலைப்பா" என்றாள்.

"எனக்கும் முடியலை ஆத்தா" என்றேன். இருவரும் எழுந்து போகவில்லை.