வெள்ளிக்கிழமை வகுப்பு

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். இதில் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். அந்த இடங்களைத் தோல் ஷாப்பு என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆண்கள் சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி வேலை செய்தார்கள். பெண்கள் ஆவாரம்பட்டை இடித்தார்கள், தோலிலிருந்து எடுத்த ஆட்டு மயிரை அலசினார்கள்.

வருகைப் பதிவேட்டில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. பிள்ளை வராவிட்டால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். காய்ச்சல் என்று எழுதலாம், ஊருக்குப் போயிருப்பதாக எழுதலாம். இரண்டும் இல்லையென்றால் 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று எழுதச் சொல்லி ஹெட்மாஸ்டர் உத்தரவு. யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷம் நானும் அதையே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். அந்தப் பொய்யையும் குண்டு குண்டாக, நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளின் படிப்பில் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒரு நாள் அவர்களை அழைத்து வகுப்புகளைக் காட்ட வேண்டும் என்றது. ஹெட்மாஸ்டர் உடனே அழைப்பிதழ் அச்சடித்தார். 'தங்கள் மேலான வருகையை விழைகின்றோம்.' வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இப்படி ஒரு காகிதம்! நாள் செவ்வாய்க்கிழமை, நேரம் காலை பத்து மணி. தோல் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. முதலாளிமார் மசூதிக்குப் போகும் நாள். ஊரில் இது தெரியாதவர் கிடையாது.

"செவ்வாய்க்கிழமை எப்படி ஐயா வருவாங்க?" என்று கேட்டேன்.

"அக்கறை இருந்தா வருவாங்க" என்றார்.

வந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள், மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு, கட்டிய வேலைப் புடவையோடு, விரலெல்லாம் பட்டைக் கறையோடு வந்தார்கள். உள்ளே பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பியூன் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தான்.

"இந்த நாத்தத்தோட உள்ள போவ முடியாது. பெரிய ஐயா உக்காந்துகிறாரு. போய்க் குளிச்சிட்டு வாங்க."

"எங்கொழந்த பாடுது. ஒரு வாட்டி பாத்துட்டுப் போய்ட்றோம்" என்றாள் முன்னால் நின்றவள். என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் அவள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு இதெல்லாம் தெளிவாகக் கேட்டது. என் அப்பாவும் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர்தான். நான் பிறந்து வளர்ந்த வீட்டிலும் அதே வாடைதான். எழுந்து போய் அவர்களை உள்ளே அழைத்து வர எனக்குப் பத்தடி தூரம்கூட இல்லை. ஹெட்மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

அவர்கள் போன பத்தாவது நிமிஷம் ஹெட்மாஸ்டர் மேடையில் பேசினார். "வீடு வீடாக அழைப்பு அனுப்பினோம் ஐயா. ஒருவரும் வரவில்லை. இந்த ஜனங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் துளியும் அக்கறை கிடையாது." இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர்மேல் வந்த கோபத்துக்குச் சற்றும் குறையாத கோபம் என்மேலும் வந்தது.

அன்று சாயங்காலம் அந்தத் தாயின் வீட்டைத் தேடிப் போனேன். அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா மன்னிப்பு? கூப்ட்டீங்க, வந்தோம். தொரத்துனீங்க, போய்ட்டோம்."

"நான் தொரத்தலையேம்மா."

"ஜன்னலாண்ட நீங்கதான உக்காந்துகினு இருந்தீங்க? நா பாத்தேன்."

அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போன மாதம் அவள் மகள் ஏன் நாலு நாள் வரவில்லை என்று கேட்டேன். இரண்டு வருஷத்தில் முதன்முறையாகக் கேட்டேன்.

"கைக்கொழந்தைய யாரு பாத்துக்கிறது? எங்க ரெண்டு பேருக்கும் அந்த வாரம் வேல ஜாஸ்தி. ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பனே."

"வெள்ளிக்கிழமை வர முடியுமா?"

"எங்களுக்கு லீவுதான். உள்ள உடுவாங்களா?"

"என் வகுப்புக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த புடவை கட்டி, கடைசி வரிசைக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். வாசகப் புத்தகத்தில் அன்றைய பாடம் தோலைப் பற்றியது. அவள் மகள் எழுந்து வாசித்தாள். "தோலைப் பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் அது பதமாகும்."

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "ஏண்டி, அப்ப மயிரு எங்க போச்சு?" என்றாள் தாய்.

வகுப்பே சிரித்தது. என்ன தப்பு என்று சொல்லும்படி அவளைக் கேட்டேன்.

"மொதல்ல சுண்ணாம்புக் குழி. மயிரு கழண்டு, சதையெல்லாம் சீவி, சுண்ணாம்பு போவக் கழுவணும். அப்பறந்தான் பட்டத் தண்ணி. இதப் படிச்சிட்டு எவனாச்சும் தோல் போட்டா அழுவிப் பூடும்."

அதுவரை கேட்டால்கூட வாய் திறக்காத பிள்ளைகள், எங்கப்பா இப்படிச் செய்வார், எங்கம்மா அப்படிச் செய்வாள் என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். சொன்னதையெல்லாம் அவரவர் சிலேட்டில் எழுதச் சொன்னேன். கரும்பலகையைப் பார்க்காமல் அவர்கள் சொந்தமாக எழுதியது அன்றுதான்.

ஹெட்மாஸ்டர் வாசற்படியில் வந்து நின்றார். "என்னம்மா இது, பள்ளிக்கூடமா தோல் மண்டியா? இவங்களுக்கு என்ன தெரியும்னு உள்ள உக்கார வச்சிருக்கீங்க?" அவர்கள் முன்னாலேயே கேட்டார்.

"நீங்க அழைச்சவங்கதான் ஐயா. அன்னைக்கு வாசலோட போனாங்க. இன்னைக்கு உள்ள வந்திருக்காங்க" என்றேன்.

விஷயம் பள்ளியின் நிர்வாகியான பாதிரியாரிடம் போயிற்று. அவர் கெட்டவர் அல்ல. ஆனால் எந்த வழக்கையும் இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுப்பதையே நியாயம் என்று நினைப்பவர். குடும்பத்தார் வரலாம், ஆனால் வெராண்டாவோடு நிற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அதை நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாய் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம் டீச்சரம்மா. நாங்க ஒன்னும் பேதி கண்டவங்க இல்ல, தள்ளி வச்சிப் பாக்க."

"ஒரே ஒரு தரம் வாங்கம்மா" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வருமுன் கரும்பலகையைத் தூக்கிவந்து வெராண்டாவில் சாய்த்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பாயோடு வெளியே உட்காரவைத்தேன். வந்த பெண்கள் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார்.

"பாதிரியார் ஐயா சொன்னபடிதான் செய்றேன். குடும்பத்தார் வெராண்டாவுலதான் இருக்காங்க. வகுப்பு அங்க இருக்கக் கூடாதுன்னு அவர் சொல்லலியே" என்றேன். அவர் முகம் போன போக்கை நான் ரசித்தேன். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இரண்டு மாதத்தில் நாலாம் வகுப்பு ஆசிரியரும் தன் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்தார். ஐப்பசியில் சாரல் அடித்தபோது எல்லோருமாக உள்ளே போனோம். மழை விட்ட பிறகும் பெண்களோ பிள்ளைகளோ யாரும் வெளியே வரவில்லை; அதன்பின் வகுப்பு உள்ளேயே நடந்தது. கைக்குழந்தைகளை ஒரே வீட்டில் விட்டுப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். இந்த யோசனையை எந்தச் சுற்றறிக்கையும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பதிவேட்டில் நான் உண்மையான காரணத்தை எழுத ஆரம்பித்தேன். 'தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.' ஹெட்மாஸ்டர் சிவப்பு மையால் அடித்தார். மறுபடியும் எழுதினேன்.

மறு வருஷம் வந்த இன்ஸ்பெக்டர், இந்தப் பள்ளியில் குடும்பங்களின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது, இது ஹெட்மாஸ்டரின் அயராத முயற்சியின் பலன் என்று எழுதிவிட்டுப் போனார். காலை ஜெபத்துக்குப் பிறகு ஹெட்மாஸ்டர் அதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு தாமே வாசித்தார்.

அந்தத் தாயிடம் கொதிப்போடு போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள். "எழுதிக்கினு போவட்டும் டீச்சரம்மா. எம்பொண்ணு நாலாவது போறா இல்ல?" அவளுக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அவள் மகள் ஐந்தாவது முடித்தாள். நடந்து போகும் தூரத்தில் பெண் பிள்ளைகளுக்கு அதற்குமேல் வகுப்பு கிடையாது. பட்டை இடிக்கப் போய்விட்டாள். தாய் நேரே பாதிரியாரிடம் போய், "ஆறாவது ஏன் சாமி இல்ல?" என்று கேட்டாள். மேலே எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. ஆறாவது வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அந்த ஜூனில் என்னை ஆற்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகள் என்ன ஆயின என்று நாலாம் வகுப்பு ஆசிரியருக்குக் கடிதம் போட்டேன். புதிதாக வந்த ஆசிரியை முதல் வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திவிட்டாராம். பெண்கள் விடாமல் தட்டி, திறக்கவைத்து, உள்ளே போய் உட்கார்ந்தார்களாம். அன்று வந்தவர்கள் பதினொரு பேர் என்று எழுதியிருந்தார்.