பெயருக்கு முன்னால் ஒரு ‘லேட்’

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம் நடந்தது. ஆரணியில் நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு என்பதால் ஆடி வந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். சும்மா இருப்பானேன் என்று எங்கள் குடும்ப வம்சாவளியைத் தயாரிக்க உட்கார்ந்தேன்.

முள்ளிப்பட்டில் தறி நெய்யும் சித்தப்பா வீடு வரை அலைந்து பெயர்களைச் சேர்த்தேன். தாத்தாவின் பழைய ரேஷன் கார்டில் நான் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. அப்பாவின் தங்கை! எனக்கு ஓர் அத்தை இருந்ததே அன்றுதான் தெரியும். அப்பாவிடம் கேட்டேன். அவர் தறியிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

“அவ எப்பவோ செத்துப் பூட்டா. லேட்டுனு போட்டுக்கோ.”

பத்திரிகைகளில் இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’ போட்டுப் போட்டுப் பழகிய கை. மறுபேச்சில்லாமல் போட்டேன். கலரெல்லாம் கொடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். பெரியவர்கள் கைகூப்பும் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதிய வேளையில் ஓர் அம்மா கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். போனில் ஒரு படத்தைக் காட்டினார். அடியில் என் கடைப் பெயரோடு, நான் போட்ட வம்சாவளி!

“இதுல ஒரு தப்பு கீதும்மா. திருத்திக் குடுக்கணும்.”

என் வேலையில் தப்பா என்று எனக்குச் சுருக்கென்றது. “எல்லாம் விசாரிச்சுத்தாங்க போட்டிருக்கேன். எந்தப் பேருங்க?” என்றேன். அவர் விரல் அந்த அத்தையின் பெயர்மேல் நின்றது.

“இந்த லேட்ட மட்டும் எடுத்துடு.”

“அவங்க இறந்துட்டாங்களே. நீங்க யாருங்க?”

“அந்தப் பேரு என்னுதும்மா.”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஒருவர் என் முன்னால் நிற்கிறார்!

வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு வெம்பாக்கத்துக்குப் போனவராம். செத்தவர்களுக்குச் செய்வதுபோல் தாத்தா அன்றே தலைமுழுகிவிட்டாராம். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் தூரத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறார்.

“உறவு கேட்டு நான் வர்லம்மா. யாரோ எம் பொண்ணுக்கு இத அனுப்பிக்கீறாங்க. ‘உன்ன சாவடிச்சிட்டாங்களேம்மா’ன்னு ரெண்டு நாளா அழுதுகினு கீது. அதான் வந்தேன்.”

“உக்காருங்க அத்தை” என்றேன். அதுவரை திடமாக நின்றவர், அந்த ஒரு வார்த்தையில் உடைந்து அழுதார்.

அவர் பக்கத்தில் இருக்கும்போதே திருத்தினேன். மாமா பெயரையும் பெண்ணின் பெயரையும் கேட்டேன். “வாணாம்மா, உங்கப்பா பேஜார் பண்ணுவாரு” என்று தடுத்தார். கேட்காமல் விடவில்லை. இரண்டு பெயர்களையும் சேர்த்துக் குழுவில் புதிதாக அனுப்பினேன்.

அப்பா அன்று மாலையே குழுவிலிருந்து விலகினார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, முதல் படத்துக்குக் கைகூப்பிய பெரியவர்களில் பலருக்கு அத்தை உயிரோடு இருப்பது தெரியும் என்பது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அப்பா சொன்ன பொய்யைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால், ஒரு வார்த்தை வெளியில் விசாரிக்காமல் அத்தையைச் சாகடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியது என் கைதான் என்பதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.