கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள்

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரூபினாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், யாராவது பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். கரன்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் ஒரு முறை முனகும். பதினோரு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான், இன்றைக்கும் அதற்கு ஒரு துள்ளு துள்ளுவாள். இது எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரியும் சாவு வீடும். சொந்த மாமனார் மௌத்தானபோதுகூட, குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பின்கட்டிலேயே இருந்துவிட்டாளே தவிர, கடைசியாக முகம் பார்க்க ஓர் எட்டு முன்னால் வரவில்லை. நாத்தனார்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்டவள் படிப்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? பேய்க்கதை. பேய்க்கதை மட்டும்தான்.

"கரப்பான் பூச்சிக்கே ஊரைக் கூட்டுறவ, இத வேற படிக்கிறா" என்பார் அவள் புருஷன் பீர் முகமது. மெத்தைக் கடைக்காரர், சாதுவான மனுஷர். ரூபினாவிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. கதையில் வருகிற பயம் புத்தகத்தை மூடினால் நின்றுவிடும், மற்றது நிற்காது என்பாள். அதிலும் அவளுக்கு ஒரு முன்ஜாக்கிரதை இருந்தது. எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுவாள். யார் பிழைக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் வரிக்கே வருவாள்.

இந்தத் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தவள் ராயம்மாள். வல்லத்துக்குப் பக்கத்து கிராமத்தில் சத்துணவு அமைப்பாளர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ரேஷன் கார்டை நகலெடுக்க வந்தவள், மெஷின் மேல் கவிழ்ந்து கிடந்த நாவலைப் பார்த்துவிட்டு, "படிச்சிட்டுக் குடுக்கட்டா?" என்று உரிமையோடு எடுத்துப் போனாள். அன்றிலிருந்து சிநேகிதம். அப்புறம் தபாலாபீஸ் வெண்மதியும் சேர்ந்துகொண்டாள். ஒரே புத்தகம் மூன்று வீடும் சுற்றும். படித்து முடித்தவள் பின்னால் இருக்கும் வெற்றுத்தாளில் பேர் போட்டு, நாலு வரி அபிப்பிராயம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட வேண்டும். கதையை முடிக்காமல் அந்தத் தாளைப் பார்க்கக் கூடாது. ராயம்மாள் போட்ட சட்டம் அது.

ரூபினா சட்டத்தை எங்கே மதித்தாள்? மற்றவர்கள் எழுதியதைப் படிக்காமல் அவளுக்கு முதல் பக்கம் ஓடாது. அது தெரிந்துதான் ராயம்மாள் ஒரு தடவை, "கதாநாயகி எண்பதாம் பக்கத்திலேயே செத்துடுவா, பாவம்" என்று பென்சிலால் எழுதி அனுப்பினாள். எண்பதாம் பக்கம் வரைக்கும் ரூபினா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தாள். கதாநாயகி கடைசிவரை கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். மறுநாள் கடைக்கு வந்த ராயம்மாள், எதிரே இருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

'முப்பத்தாறாவது இருக்கை' என்று ஒரு நாவல். பஸ்ஸில் கண்டக்டராகப் போகும் ஒரு பெண்ணுக்குச் செத்தவர்கள் தெரிவார்கள். கடைசி வரிசை ஜன்னலோரம் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று பேரையும் ஆட்டி வைத்த கதை. வெண்மதி ஒன்பது மார்க் போட்டாள். ராயம்மாள் ஆறுதான் போட்டாள். "உசுரோட இருக்கிறவங்களையே இந்தப் பொண்ணுக்குச் சமாளிக்க முடியல, செத்தவங்களும் டிக்கெட் கேட்டா என்ன பண்ணுவா? ரெண்டாம் பாகம் வரட்டும், பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாள்.

இரண்டாம் பாகம் வருவதற்குள் ராயம்மாளுக்குக் கிட்னி கெட்டுப் போனது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் அமுதா கூடவே இருந்தாள், புருஷன் வராந்தாவில் படுத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை வரேங்கா" என்று ரூபினா போனில் சொன்னாள். சொன்னபடி கிளம்பவும் செய்தாள். டிபன் பாக்ஸில் இடியாப்பம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் திண்டிவனத்தில் நின்றது. அந்த வார்டு, அந்த நாற்றம், அந்த டியூப், நடுவில் ராயம்மாளின் முகம். எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கி எதிர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இடியாப்பத்தை பீர் முகமது சாப்பிட்டார்.

"இன்னா ரூபினா, வரேன்ன?" என்று ராயம்மாள் போனில் கேட்டாள். குரல் கம்மியிருந்தது.

"மெஷின் ரிப்பேர்க்கா. அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடறேன்."

அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து போன் வந்தால் ரூபினா எடுக்கவே இல்லை. அடித்து ஓயும் வரை கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஓய்ந்ததும் அழுவாள். அன்பில்லாதவள் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. பயம் அன்பைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பீர் முகமது பாண்டிக்கு மெத்தைத் துணி எடுக்கப் போனவர், ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய் வந்தார். வந்தவர் கையில் மருந்துக் கடைப் பை ஒன்று இருந்தது.

"அந்தம்மா உன்கிட்ட குடுக்கச் சொல்லுச்சு. புஸ்தகம் போலருக்குது."

பையிலிருந்து மருந்து நாற்றம் வந்தது. வாங்கிப் போன பழைய புத்தகங்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று ரூபினா நினைத்தாள். ஊர்ப் பொருளை எல்லாம் ஒருத்தி திருப்பிக் கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? "பரண்மேல போடுங்க" என்றாள். தொடக்கூட இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை ராயம்மாள் போய்விட்டாள். அடக்கத்துக்கு ரூபினா போனாள். கிராமத்துத் தெருமுனையில் புளியமரத்தடியில் நின்றாள். பெட்டி கடந்து போனபோது தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்து நாள் கழித்து வெண்மதி போன் பண்ணி, "ரெண்டாம் பாகம் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சாம் ரூபினா, குரூப்ல ஒரே சண்டை" என்றாள். வாசகர் குழு ஒன்றில் இருவரும் இருந்தார்கள். புத்தகத்துக்கு முன்னால் அபிப்பிராயம் படிக்கிற பழக்கம் விடுமா? ரூபினா கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் பாகத்தில் பாதிகூட இல்லை என்று அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். அட்டைப்படம் கண்றாவி என்று ஒருத்தி. மூன்று நாளாக பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன் என்று இன்னொருத்தி. நடுவில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார்: "இந்தப் பாகத்தில்தான் செத்தவர்கள் ஏன் வருகிறார்கள் என்று தெரிகிறது. அவர்கள் கொன்றவனைத் தேடி வருவதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களைத் தேடி வருகிறார்கள். எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், எழுந்திருப்பதே இல்லை."

ரூபினா தலை நிமிர்ந்தாள். எதிரே சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை. குர்ஆனின் காவல் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதி ஊதினாள். நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டாள். திரும்பியிருப்பது இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் ஏ-ஃபோர் பேப்பர் கட்டுகளை அதன்மேல் கழுத்தளவு அடுக்கிவிட்டாள், யாரும் உட்கார இடமில்லாதபடி. கேட்டவர்களிடம் கால் உடைந்த நாற்காலி என்றாள். வயசானவர்கள்கூட நின்றுகொண்டே நகல் வாங்கிப் போனார்கள்.

அடுத்த புதன்கிழமை அமுதா வந்தாள். கையில் அம்மாவின் இறப்புச் சான்றிதழ்.

"அஞ்சு காப்பி போடுங்க ஆன்ட்டி. வீட்ட நைனா பேருக்கு மாத்தணுமாம்."

அந்தத் தாளைக் கண்ணாடிமேல் வைக்கும்போது ரூபினாவின் விரல்கள் ஒட்டிக்கொண்ட மாதிரி வரமாட்டேன் என்றன. மெஷின் வெளிச்சம் இப்படியும் அப்படியும் போனது.

"ஆன்ட்டி, அந்த புக்க முடிச்சிட்டீங்களா?"

"எந்த புக்கு?"

"ரெண்டாம் பாகம். வந்த அன்னிக்கே நான் பாண்டியில வாங்கினேன். அம்மா நாலு நாள்ல முடிச்சிடுச்சு. அங்கிள்கிட்ட குடுத்தனுப்புச்சே? கடைசிப் பக்கத்துல எழுதியும் வச்சுது. நான் பாக்கல, நான்தான் கதைய முடிக்கலையே. நீங்க முடிச்சிட்டுக் குடுங்க ஆன்ட்டி. அம்மா கையெழுத்துல கடைசியா இருக்கிறது அதான். சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன்."

ரூபினா பேயறைந்தவள் மாதிரி தலையை ஆட்டினாள்.

பரண்மேலிருந்து பையை பீர் முகமதுதான் எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு புத்தகம். வாழ்க்கையில் முதல் தடவையாக ரூபினா கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. ஏமாற்றிவிட்டு வந்தவளைப் பற்றி ராயம்மாள் என்ன எழுதியிருப்பாள்? சாபமாக இருந்தால்? கடைசி நாலு தாளையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு, முதல் வரியிலிருந்து சட்டப்படி படிக்கத் தொடங்கினாள்.

பகலில் மட்டும், அதுவும் கடையில் யாராவது நிற்கும்போது மட்டும் படித்தாள். கதையில் ஈரத்தலையோடு ஒரு பெண் தினமும் கடைசி சீட்டில் வந்து உட்கார்ந்து, "மணி என்ன ஆகுது?" என்று மட்டும் கேட்பாள். யாரோ ஒரு கிழவர் "மணி இன்னாம்மா?" என்று கேட்டதற்கு ரூபினா புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

போட்டதில் ரப்பர் பேண்ட் அறுந்தது. ஃபேன் காற்றில் தாள் புரண்டு கடைசிப் பக்கம் திறந்தது. பென்சில் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டது. ரூபினா.

அவரவர் தன் பேரைத்தான் அந்தப் பக்கத்தில் எழுதுவார்கள். அடுத்தவள் பேரை யாரும் எழுதியதில்லை. ரூபினா காலால் புத்தகத்தை மூடினாள், அப்புறம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், காலை பதினோரு மணிக்கே கடைக்கு ஷட்டரை இழுத்தாள்.

வீட்டில் சுருண்டு படுத்தவளைப் பார்த்து பீர் முகமது, "நான் படிச்சுச் சொல்லட்டா?" என்றார்.

"வேணாங்க. எனக்கு எழுதினது."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதை முடிந்தது. கதையின் முடிவு அவள் மனதில் தங்கவே இல்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் அமுதா வந்து வாங்கிப் போய்விடுவாள். பார்க்காமலே கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். கண்ணைத் திறக்கத்தான் நேரம் பிடித்தது.

"ரூபினா, நீ இந்தப் பக்கத்தத்தான் முதல்ல பார்ப்பேன்னு எனக்குத் தெரியும். அதனால கதையப் பத்தி எழுதல. போன்தான் எடுக்க மாட்டேங்கிற, இத எப்படியும் படிப்ப. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. நீ திண்டிவனம் வரைக்கும் வந்தத உன் வீட்டுக்காரர் போன்ல சொன்னாரு. அதுவே உனக்குப் பெருசு. என் முகம் வீங்கியிருக்குது, உனக்குப் பாக்க முடியாது, பாக்க வேணாம். வார்டு கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசு, போதும். டாக்டர் வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொல்றாரு. அதுக்குள்ள வா. மார்க் எத்தனைன்னு நேர்ல சொல்றேன்."

கீழே திங்கட்கிழமை தேதி. மார்க் போடும் இடம் காலியாக இருந்தது.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நாலு நாள் அந்தப் பை தலைக்கு மேலே பரணில் கிடந்தது. ஆறு வருஷமாக ஒரு புத்தகம் விடாமல் செய்த திருட்டை அந்த ஒரு தடவை மட்டும் செய்யாமல் விட்டுவிட்டாள். ராயம்மாள் அவளை முழுக்க நம்பியது அந்த ஒரு விஷயத்தில்தான். ரூபினா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

நாலு மணிக்கு அமுதா வந்தாள். அம்மா போட்ட சட்டத்தை மறந்து, நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கதவையே பாத்துட்டு இருந்துச்சு ஆன்ட்டி" என்றாள். "நைனாவத் தேடுதுன்னு நெனச்சு நான் அவர உள்ள கூப்ட்டுட்டே இருந்தேன்."

புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ரூபினா எழுந்தாள். நாற்காலியிலிருந்த பேப்பர் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி அலமாரியில் வைத்தாள். தூசியை முந்தானையால் துடைத்தாள். பழையபடி தனக்கு நேரெதிரே இழுத்துப் போட்டாள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், நல்ல வெயில் அடித்தது, ஆனாலும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தலையைக் குனியாமல் அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"வாக்கா" என்றாள். "மார்க் எத்தன, சொல்லு."