சுவருக்கு ஒரு பக்கம்

முதல் மாடியில் தையல் வேலை பார்ப்பவளை அந்த அடுக்குமாடியில் எல்லோரும் அளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படியேறி வருகிறவரை ஒரு பார்வை பார்த்தாலே போதும், போன தடவைக்கு இந்தத் தடவை இடுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நலம் விசாரிப்பவர்கள் அந்தக் கட்டடத்தில் நாலைந்து பேர் உண்டு.

அவள் கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் கண் பார்வை போய்விட்டது. முதல் வருஷம் இரண்டு தடவை விழுந்தார், ஒரு தடவை மணிக்கட்டு உடைந்தது. அப்புறம் மெதுவாக வீடு அவர் காலுக்குப் பழகிவிட்டது. கட்டிலிலிருந்து ஒன்பது எட்டு எடுத்து வைத்தால் குளியலறை. கூடத்துச் சுவரை விரலால் தடவிக்கொண்டே போனால் ஜன்னலுக்குப் பதினான்கு. இப்போது அந்த வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்க்கும் புது ஆள், இவருக்கா கண் தெரியாது என்று சந்தேகப்படுவான்.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் இரண்டு வருஷமாக ரயிலுக்குப் பூமியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் பாதியைத் தகர வேலி விழுங்கிவிட்டது. அலமாரியில் டம்ளர்கள் தாமாகவே நகர்ந்து ஓரத்துக்கு வந்து நிற்கும். சத்தம் எழும்போது பேச்சை நிறுத்தி, ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லோருக்கும் பழகிப்போயிற்று. சண்டை போடுகிறவர்கள்கூட அப்படித்தான் போட்டார்கள். டிரைவருக்கு மட்டும் அதில் அலுப்பே இல்லை. ஒவ்வொரு யந்திரத்துக்கும் பெயர் வைத்திருந்தார். ஒன்று இருமல்காரன், ஒன்று சோம்பேறி. பூமிக்கடியில் சுரங்கம் குடைந்து வந்துகொண்டிருந்த ராட்சச யந்திரம் பெரியவன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கிரேன் ஓட்டுபவன் கியர் மாற்றும் லட்சணத்தைக் காலையிலிருந்து விமர்சித்துக்கொண்டிருப்பார்.

பெரியவன் அந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே போகப்போகிறான் என்று தெரிந்த பிறகுதான் கவலை வந்தது. கூடத்துச் சுவரில், தையல் யந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய விரிசல் இருந்தது. ரயில் வேலையிலிருந்து அளவெடுக்கும் பெண் ஒருத்தி வந்து, விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனாள். சுவர் கொஞ்சம் விலகினாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் வீட்டைக் காலி செய்து, அவர்கள் காட்டும் விடுதியில் மூன்று மாதம் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தப் பெண் வந்து பார்ப்பாள்.

சில வீடுகளுக்கு மூன்று மாதம் ஒரு விடுமுறை. கண்ணாடி உடையும் வரைகூடக் காத்திராமல் மேல் வீட்டுக்காரர்கள் பெட்டியோடு சிரித்துக்கொண்டேதான் போனார்கள். அளவக்காவுக்கோ அது வேறு கணக்கு. புது அறை, புதுப் படி, புதுக் குளியலறை. மறுபடியும் அவர் ஒவ்வொரு எட்டாக எண்ண வேண்டும், மறுபடியும் விழ வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வரை அவளால் பொறுக்க முடியவில்லை. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பென்சிலால் இரண்டு கோடு போட்டாள். தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன் இரும்பு ஸ்கேலைச் சுவரில் வைத்து அளப்பாள். வாடிக்கையாளர்களின் அளவு நோட்டில், மாடி வீட்டுக்காரரின் சட்டைக்கும் பள்ளிக்கூட டீச்சரின் ஜாக்கெட்டுக்கும் நடுவில், 'சுவர்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம். இருபது சென்டிமீட்டர். மறுநாளும் இருபது. எண்பத்து நாலு நாளும் இருபது.

எண்பத்தைந்தாம் நாள், ஸ்கேல் சுவரில் இருக்கும்போதே யாரோ கதவைத் தட்டினார்கள். "வரேன்" என்று திரும்பினாள். ஸ்கேல் முனை சறுக்கிக் கண்ணாடியில் இடித்தது. டக் என்று ஒரே ஒரு சத்தம், கண்ணாடி கீறிவிட்டது.

தட்டியது பக்கத்து வீட்டுக்காரி. விஷயத்தைப் பார்த்ததும் அவளுக்கு வைத்தியம் தயாராக இருந்தது. ஒளி ஊடுருவும் டேப் ஒன்றை அழகாக ஒட்டிவிட்டால் போதுமாம், அளவெடுக்கும் பெண் எட்டி நின்றுதான் பார்க்கிறாளாம். அளவக்கா ஒரு நிமிஷம் தடுமாறினாள். டேப் ஒட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஜன்னல் பக்கமிருந்து டிரைவர்தான் பேசினார்.

"இந்தாம்மா, பிரேக்குல சத்தம் வந்தா நான் ரேடியோவ சத்தமா வச்சுக்கிட்டு ஓட்டல. வண்டிய நிறுத்தினேன்."

"நிறுத்தினா நாமதாங்க இறங்கணும்."

"இறங்குவோம். எண்ணத் தெரியாதா எனக்கு?"

சொல்லிவிட்டார், ஆனால் அன்று முழுக்க அவர் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. அதை அவள் கவனித்தாள். கிரேன்காரனையும் அன்று அவர் திட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை அளவெடுக்கும் பெண் வந்ததும், அளவக்கா ஒளிக்காமல் சொன்னாள், நான்தான் உடைத்தேன் என்று. அந்தப் பெண் களைப்பாகச் சிரித்தாள்.

"அம்மா, இந்தத் தெருவுல இதுவரைக்கும் அஞ்சு கண்ணாடி உடைஞ்சிருக்கு. அஞ்சு வீட்லயும், சுவர் விலகல, நாங்கதான் இடிச்சிட்டோம்னு சொன்னாங்க. ஒருத்தர் பூனை தட்டிவிட்டுச்சுன்னாரு. அந்த வீட்ல பூனையே இல்ல."

பொய் சொல்லியிருந்தால் அளவக்கா பிடிபட்டிருப்பாள், உண்மையைச் சொல்லியும் பிடிபட்டாள். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். ஸ்கேலையும் நீட்டினாள். அதன் முனையில் கண்ணாடித்தூள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படித்தாள். தன் கருவியை எடுத்துப் பென்சில் கோடுகளுக்கு நடுவே வைத்தாள். இருபது. பிறகு கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். சுவர் விலகியிருந்தால் விரிசலின் வழியே நடுவில் உடைந்திருக்க வேண்டும். இதுவோ ஓரத்தில் சில்லுத் தெறித்து, அங்கிருந்து நாலாபக்கமும் கீறியிருந்தது.

"உடைஞ்சிடக் கூடாதேன்னு தினமும் அளந்து, அளந்தே உடைச்சிருக்கீங்க."

"ஆமாம்மா."

அந்தப் பெண் படிக்கட்டில் போய் நின்று மேலதிகாரியோடு வெகுநேரம் போனில் பேசினாள். கட்டிலில் டிரைவர் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். திரும்பி வந்தவள், புதுக் கண்ணாடி ஒட்டப்படும் என்றும், பெரியவன் கடக்கும் வரை தினமும் காலையில் தானே வந்து பார்ப்பதாகவும், உண்மையிலேயே விலகினால் அந்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும் என்றும் சொன்னாள். தலையாட்டிக்கொண்டே அளவக்கா கீழே, அந்தப் பெண்ணின் கால் பக்கம் பார்த்தாள்.

"ஒரு நிபந்தனைம்மா. இனிமே சுவரை நான் மட்டும்தான் அளப்பேன்," என்றாள் அந்தப் பெண்.

"அளந்துக்கோ. அந்த பேன்ட்ட கழட்டி அனுப்பு. ரெண்டு விரக்கடை கூடுதலா தொங்கி தரையக் கூட்டுது."

ஒன்பதாம் நாள் காலை பத்தரைக்குப் பெரியவன் வந்தான். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவில் வெறுங்காலோடு நின்றார். டம்ளர்கள் கிணுகிணுத்தன. அளவக்கா கண்ணாடிக்கு முன்னால், கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அளவெடுக்கும் பெண் அவளுக்குப் பக்கத்தில்.

"முதல் கியர்லயே போறான்," என்றார் டிரைவர். "நல்ல டிரைவர். அவசரமே இல்ல."

அதிர்வு கட்டில் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் ஊர்ந்து, தெருவுக்குள் இறங்கிப் போயிற்று. கண்ணாடி முழுசாக இருந்தது. அந்தப் பெண் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டை வாங்கி, 'சுவர்' பக்கத்தில் கடைசி வரியைத் தன் கையாலேயே எழுதினாள்.

உடுப்பைக் கொடுத்து முடித்ததும் அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுப்பது அளவக்காவின் வழக்கம். பென்சிலை எடுத்தாள். என்னவோ மனசு வரவில்லை. பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் பேன்ட் அளவு இருந்த அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அதற்குள் டிரைவர் ஜன்னலுக்குப் போயிருந்தார். பதினான்கு எட்டு.