ஓம் என்ற சொல்லுக்குப் பிறகு

காலை ஆறு மணிக்கு வத்தளையில் கற்பிட்டி பஸ்ஸைப் பிடித்தேன். நான் இறங்க வேண்டிய பாலாவிச் சந்திக்கு ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீற்றர். பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், மீன் அடைத்த பண்ணான மாலுபாண் இரண்டு, ஒரு மடிக்கணினி. மடிக்கணினிக்குள் மர்லியா தாத்தாவின் குரல்.

தாத்தா என்றதும் நரைத்த தாடியை நினைத்துவிடாதீர்கள். எங்கள் நாட்டு முஸ்லிம்களிடம் தாத்தா என்றால் அக்கா. மர்லியா என்பதும் சொந்தப் பெயரல்ல. ஆய்வில் பெயரை மாற்றியாக வேண்டும் என்று நான் சொன்னபோது அவரே யோசித்துத் தெரிந்தெடுத்தது. தொண்ணூறாம் ஆண்டு, போருக்கு நடுவில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, தோணியில் கற்பிட்டிக் கரைக்கு வந்த குடும்பம் அவருடையது. அன்று சிறுமி. இன்று தில்லையடியில் நான்கு பெண்களுக்கு வேலை கொடுத்துத் தையல் கடை நடத்துகிறார்.

இப்படி வந்த பெண்கள் தொழிலை எப்படிக் கட்டியெழுப்பினார்கள் என்பதுதான் என் ஆய்வு. போன மாதம் ஒரு பிற்பகல் முழுக்க என்னோடு கதைத்தார். பிரியும்போது ஒரு நிபந்தனை போட்டார். எழுதியதை வந்து வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். முன்பு வந்த யாரோ ஒருவர், அவரைக் கையேந்தி நிற்கும் பெண்ணாக எழுதிவிட்டுப் போய்விட்டாராம். அவருடைய பேட்டி இல்லாவிட்டால் என் ஆய்வில் பாதி இல்லை. 

நீர்கொழும்பு கழிந்ததும் பஸ்ஸுக்குள் சிங்களமும் தமிழும் ஒரே வாயில் ஓடத் தொடங்கின. சிலாபத்தில் மீன் கூடையோடு ஏறிய ஒரு பெண், கொண்டக்டரோடு சிங்களத்தில் சண்டை பிடித்துவிட்டு, அந்த மூச்சிலேயே திரும்பி மகளோடு தமிழில் சிரித்தார். இவர்களைப் பேட்டியெடுத்தால் எந்த மொழியில் எழுதுவது என்று யோசித்தேன். ஆய்வுமுறைப் புத்தகங்களை எழுதியவர்கள் இந்த பஸ்ஸில் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். தென்னந்தோப்புகள், மதுரங்குளி, பிறகு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்பளங்கள். ஒன்பதரைக்குப் பாலாவி.

சந்தியில் நின்ற ஆட்டோக்காரர் என் பையை ஒரு பார்வை பார்த்தார்.

"என்.ஜி.ஓ.வா மிஸ், ரிசர்ச்சா?"

ரிசர்ச் என்றேன். வழி நான் சொல்லாமலே தில்லையடிக்குத் திருப்பினார். தன்னையும் மூன்று பேர் பேட்டி எடுத்ததாகவும், அதில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்றும் சொன்னார். கோபமில்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார். நான் திரும்பி வந்தவள் என்றதும் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டார்.

மர்லியா தாத்தா கடைக்குள் கதிரை போட்டு, இஞ்சித் தேநீர் தந்து, "வாசிங்க தங்கச்சி" என்று உட்கார்ந்தார். முதலில் அவரைச் சிரிக்கவைக்க நினைத்தேன். நேரமில்லாததால் ஒலிப்பதிவை எழுத்தாக்க ஒரு மென்பொருளிடம் கொடுத்திருந்தேன். அதற்குத் தமிழ் தெரியும், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ். நான் தாத்தா, தாத்தா என்று கூப்பிட்டதைக் கேட்டு, பேட்டி கொடுத்தவர் ஒரு முதியவர் என்று குறித்திருந்தது. தகப்பனை அவர் வாப்பா என்றதை "வா அப்பா" என்று எழுதியிருந்தது. ஆமாம் என்பதற்கு அவர் ஓம் என்ற இடமெல்லாம் "ஓம் நமச்சிவாய" என்று முடித்துவைத்திருந்தது. இதையெல்லாம் வாசித்ததும் தாத்தா தையல்காரப் பெண்களையும் கூப்பிட்டு இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நான் திருத்திய பிரதியை வாசித்தேன். தோணிப் பயணத்துக்கு வந்தேன். வாப்பாவும் உங்களோடு வந்தாரா என்பது என் கேள்வி. "ஓம். வழியிலேயே மௌத்தாகிட்டார்" என்பது பதில். மௌத் என்றால் மரணம். மென்பொருள் அதையும் குழப்பியிருந்தது, நான் கவனமாகச் சரிசெய்திருந்தேன்.

தாத்தா கையை உயர்த்தினார். "நிப்பாட்டுங்க. இங்க ஒண்டு விட்டுப் போயிருக்கு."

ஒலிப்பதிவைப் போட்டேன். என் கேள்வி. அவருடைய ஓம். அதற்குப் பிறகு மின்விசிறியின் இரைச்சல். தெருவில் மீன்காரரின் ஹோர்ன் வந்து, கடந்து, தேய்ந்து போனது. உள்ளே ஒரு தையல் மெஷின் ஓடி நின்றது. அப்புறம்தான் அந்தச் சொல் வந்தது. மென்பொருள் பேச்சில்லாத இடங்களை வெட்டிவிடும். மௌத்தைத் திருத்திய என் கண்ணில் அது படவில்லை. 

"இதில நான் கதைக்கல்ல. அத எழுதல்லியே," என்றார்.

இப்படியான இடங்களில் மூன்று புள்ளி வைப்பது வழக்கம் என்று சொன்னேன்.

"புள்ளி வெச்சா ஆருக்கு விளங்கும்? ரெண்டையும் ஒட்டி எழுதினா, வாப்பா கடைக்குப் போயிட்டு வந்தார் எண்டு சொன்ன மாதிரிக் கிடக்கு, தங்கச்சி."

மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். ஓமுக்கும் மௌத்துக்கும் நடுவில் தட்டினேன்: 'மர்லியா நெடுநேரம் கதைக்கவில்லை.' ஏன் என்றும் சேர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த வரியைத் தானே ஒருமுறை வாசித்தார்.

"இப்ப இது எண்ட கதை. வெச்சிக்கொங்க."

பகலுக்கு இறால் கறியும் சோறும் தந்து, மறுத்தால் அழித்துவிடச் சொல்வேன் என்று பயமுறுத்தினார். சாப்பிட்டு முடிய மூன்று மணி. இப்படியொரு வாசகரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் சந்தித்ததில்லை. தன் பேச்சைவிடத் தன் பேசாமையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். வத்தளையில் எங்கள் வீட்டில் ஒருவர் கொஞ்சம் பேசாமலிருந்தால் மற்றவர் டீவியைப் போட்டுவிடுவார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கேட்டேன். மின்விசிறி, மீன்காரர், மெஷின். வெளியே உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நின்றது. யாரோ தோளைத் தொட்டார்கள். கொண்டக்டர்.

"டிக்கட் எடுத்தாச்சா மிஸ்?"

எடுத்திருந்தேன். ஆனாலும் ஓம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.